முதலில் பார்ப்பவர்கள்

வட தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு மேசை, நாற்காலி, பி.பி. கருவி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், தடித்த நோட்டு ஒன்று. இரவுப் பணி நர்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. 108 வண்டி திரும்பும் சத்தம் கேட்டதுமே வாசலுக்குப் போய்விடுகிறார். ஸ்ட்ரெச்சர் உள்ளே உருண்டு வருவதற்குள் ஆளை எடைபோட்டுவிடுகிறார். மூச்சு எப்படிப் போகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறதா, உள்ளங்கை ஜில்லிட்டு வியர்த்திருக்கிறதா. பிறகு ஒரே ஒரு சொல்: ரெட், எல்லோ, க்ரீன்.

விபத்து, அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டம் வந்த பிறகு தமிழக அரசு மருத்துவமனைகளில் இந்த நிற வகைப்பாடு நிலைபெற்றுவிட்டது. சிவப்பு என்றால் இந்த நிமிடமே பார்க்க வேண்டும். மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம். பச்சை காத்திருக்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது. கை முறிந்து கதறுகிற இளைஞனை மஞ்சளுக்கு அனுப்பிவிட்டு, "வாயுப் பிடிப்பும்மா" என்று நெஞ்சைத் தடவியபடி நடந்தே வந்தவரைச் சிவப்புக் கட்டிலில் படுக்க வைத்தபோதுதான் அதன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. இளைஞனின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நர்ஸ் பதில் பேசாமல் ஈ.சி.ஜி. ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார். தாளில் மாரடைப்பு தெளிவாக விழுந்தது. "சத்தம் போடுறவங்களுக்கு மூச்சு ஓடுது சார். சத்தமில்லாம இருக்கறவங்களத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார், ஆஸ்பிரின் மாத்திரைகளை அவர் வாயில் மெல்லக் கொடுத்தபடி.

இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அப்பா ஓடி வந்தார். கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் பாம்பு கடித்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பதற்றத்தில் அதை அவிழ்க்கப் போன அப்பாவின் கையைச் சீனியர் நர்ஸ் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இருங்க. ஊசி ஏத்தி, டாக்டர் பக்கத்துல நிக்கும்போதுதான் அவுக்கணும்." கட்டுக்குக் கீழே தேங்கிய விஷம் ஒரேயடியாக மேலே ஏறிவிடும் என்ற பயம்.

அடுத்த நிமிடம் புறங்கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் ஏறியது. 2 மில்லி ரத்தம் எடுத்து, ஈரமில்லாத புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, பிளாஸ்டர் துண்டில் நேரம் எழுதி ஒட்டி, யாரும் இடிக்காத மூலையில் நிறுத்தினார். 20 நிமிடம் அதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. பிறகு ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு மெஷின் வேண்டாம், கடிகாரம் போதும். அதற்குள் அவர் வேறு இரண்டு பேருக்கு ஊசி போட்டார். ஒரு பாட்டிக்கு ஆக்ஸிஜன் வைத்தார். ஆனாலும் நேரம் தவறாமல் அந்த மூலைக்கு வந்து நின்றார். குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையாமல் ஓடியது. டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். விரியன் கடி.

விஷமுறிவு மருந்து பெரும்பாலும் தூளாகத்தான் வருகிறது. ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரம்தானே என்று குலுக்கினால் நுரைத்துக் கெட்டுவிடும். மத்தால் மோர் கடைவது போல, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை வைத்து மெதுவாக உருட்டினார்கள். முதல் தவணைக்கு 10 குப்பிகள். அப்பா கதவுக்கு வெளியே அழுதுகொண்டிருக்க, உள்ளே இரண்டு நர்ஸுகளும் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தியும் நிதானமாகக் குப்பி உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அந்த நிதானம் எத்தனை பெரிய பயிற்சி! "சின்னப் பையனாச்சே, அளவைக் குறைக்கலாமா?" என்று மாணவி கேட்டாள். "பாம்பு ஆளப் பாத்து அளந்தா விஷம் எறக்குது? பெரியவங்களுக்கு எவ்வளவோ அதேதான் புள்ளைக்கும்" என்றார் சீனியர்.

அந்தத் தூளின் பின்னாலும் தொழில் தெரிந்த கைகள் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. அவர்கள் பிடித்த நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் விஷம் மருந்து தயாரிக்கப் போகிறது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிவைப் பிரிக்கிறார்கள்.

மருந்து ஏறத் தொடங்கியதும் சீனியர் நர்ஸ் கட்டிலை விட்டு நகரவில்லை. குதிரைப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பையன் வயிற்றைச் சொறிய ஆரம்பித்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தடிப்பு. டிரிப் நின்றது. தயாராக வைத்திருந்த அட்ரீனலின் தொடையில் இறங்கியது. தடிப்பு அடங்கியதும் மறுபடி மெதுவாக ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து, விடியும் தருவாயில், இன்னொரு குழாய் ரத்தம். சாய்த்தார். அசையவில்லை, உறைந்திருந்தது. அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் குழாயைக் காட்டி, "பாருங்கண்ணே, கட்டிடுச்சு" என்றபோது அந்த முகத்தில் இருந்த பெருமைக்கு ஈடாக நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

எல்லா இரவும் இப்படி முடிவதில்லை. அன்றைக்கே ஒரு சாலை விபத்து வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 48 நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. நர்ஸுகள் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். டாக்டர் நேரத்தைச் சொல்லி நிறுத்தினார். அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நர்ஸ் முகத்து ரத்தத்தைத் துடைத்து, தாடையைக் கட்டி, கலைந்த கூந்தலைக் கையால் ஒதுக்கிவிட்டார். மூக்குத்தி ஒன்று, மெட்டி இரண்டு, மஞ்சள் கயிற்றில் தாலி ஒன்று என்று எழுதி, கணவரிடம் கையெழுத்து வாங்கி, பொட்டலத்தைக் கொடுத்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அழ நேரம் இல்லை. "வீட்டுக்குப் போயி கொழந்தைக்குத் தலை சீவும்போது ஞாபகம் வரும் சார்" என்று மட்டும் பிறகு சொன்னார்.

பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களிடம் ஏன் என்று இவர்கள் கேட்பதில்லை. துணியை மாற்றி, உடம்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, அட்ரோபின் ஏற்றி, கண்மணியையும் நெஞ்சுச் சளியையும் நாடியையும் விடாமல் பார்க்கிறார்கள். வீட்டார் மருந்து டப்பாவைக் கையோடு எடுத்து வந்தால் பாதி வேலை சுலபம் என்று மட்டும் சொல்கிறார்கள். மீண்டவரைத் திட்டாமல் அனுப்புவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான்.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும் குடித்துவிட்டு வந்த கூட்டம் தள்ளியதில் மணிக்கட்டு வீங்கிய நர்ஸை நான் பார்த்தேன். மறுநாளும் வேலைக்கு வந்திருந்தார். அதைவிட எனக்குக் கோபம் வந்தது சம்பளக் கணக்கைக் கேட்டபோதுதான். 2015இல் தேர்வெழுதி வந்த நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது வாக்கு. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவ இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஊதியம் பிறகு படிப்படியாக உயர்ந்தது. ஆனால் நிரந்தரப் பணிக்கான காத்திருப்பு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

வாசலில் நிற்கும் அந்த முதல் பார்வை புத்தகத்தில் கிடைப்பதில்லை. பல வருட இரவுகளில் ஊறி வருவது. இன்றோ நாளையோ என்று இருக்கிற வேலையில் அதை எத்தனை பேர் தங்கிக் கற்றுக்கொள்வார்கள்? இரவுப் பணிக்குக் கூடுதல் நர்ஸுகள், வாக்குக் கொடுத்தபடி நிரந்தரப் பணி, வாசலில் ஒரு காவலர், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் ஓய்வறை. அரசு இவற்றை இனியும் தள்ளிப்போடக் கூடாது.