புருவத்து நிழல்

என் மேசைமீது முப்பது போர்வீரர்கள் நிற்கின்றனர். ஒவ்வொருவரின் உயரமும் 54 மில்லிமீட்டர். ஏறக்குறைய நம் சுண்டுவிரல் அளவு. இலண்டன் மாநகரில் பிரிட்டன்ஸ் நிறுவனத்தார் 1893-ஆம் ஆண்டு முதல் உள்ளே கூடாக வார்த்து விற்ற ஈயவீரர்களால் பரவிய அளவு அது. சிறுவர்க்கென வார்த்த அவ்வீரர்களுக்குச் சட்டை என்றால் ஒரே சிவப்பு, முகம் என்றால் ஒரே இளஞ்சிவப்பு, மேலே ஒரு பளபளப்பு, அவ்வளவே. அவற்றுக்கு நிழலும் ஒளியும் தீட்டும் கலை, வரலாற்றுப் பற்றுடைய பெரியவர்களின் கையில் பின்னாளில் வளர்ந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மயூர் விகாரில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தில்லியின் குளிர்கால வெயிலைத் துணைகொண்டு நானும் அதைப் பயின்றேன். இந்த வயதில் பொம்மையா என்று கேட்டவர்களுக்கு நான் மறுமொழி சொன்னதில்லை.

வெயிலில் வைத்தால் பொம்மைக்கும் நிழல் விழாதா, அதைத் தீட்டுவானேன் என்று நீங்கள் வினவலாம். விழும், ஆனால் போதாது. ஆறடி மனிதனின் சட்டை மடிப்பில் விரற்கடை அகலத்துக்கு இருள் தங்குகிறது. சிற்றுருவில் அது நூலிழையாகி, கைத்தொலைவில் இருந்து பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. வீட்டுக்குள் நாற்புறமிருந்தும் வரும் வெளிச்சம் அந்த இழையையும் அழித்துவிடுகிறது. ஆதலால், உச்சியில் ஒரு கதிரவன் இருப்பதாக எண்ணிக்கொண்டு, தோள், மூக்குத்தண்டு, முழங்கால் போன்ற மேடுகளில் வெளிறிய நிறத்தையும், தாடையடி, அக்குள், இடைவாரின் கீழ்ப்புறம் போன்ற பள்ளங்களில் கருத்த நிறத்தையும் நாமே வைக்கவேண்டியிருக்கிறது.

நான் முதலில் எடுத்துக்கொண்டது, 1815-இல் வாட்டர்லூக் களத்தில் நின்ற ஆங்கிலேயக் காலாட்படை வீரன் ஒருவனை. நிழலுக்காகச் சிவப்பில் கறுப்பைக் கலந்தேன், சட்டை அழுக்காயிற்று. ஒளிக்காக வெள்ளையைக் கலந்தேன். வீரன் ரோஜா நிறத்தில் மாப்பிள்ளைக் கோலம் பூண்டான். சிவப்பின் நிழல் செம்பழுப்பில் இருக்கிறது, அதன் ஒளி ஆரஞ்சில் இருக்கிறது என்று அறிவதற்குள் நான்கு சட்டைகள் பாழாயின. ஷெப்பர்ட் பெயின் என்ற அமெரிக்கக் கலைஞரின் நூல் கைக்கு வந்தபின்னரே எனக்கு ஓரளவு வழி தெளிந்தது. அடியில் எனாமல் பூசி நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தை மிக மெல்லிதாகத் தீட்டுவேன். எண்ணெய் வண்ணம் விரைவில் காயாது. அதன் சோம்பல்தான் நமக்கு உதவி. நிழலும் ஒளியும் சந்திக்கும் விளிம்பை, உலர்ந்த தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டிக் கரைத்துவிட மணிக்கணக்கில் நேரம் கிடைக்கிறது.

சட்டை பழகிவிட்டது. முகம் பழகவில்லை. காரணம், நான் தீட்ட விரும்பிய முகம் வாட்டர்லூவில் இல்லை.

என் தந்தையார், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் பாலம் கட்டும் பிரிவொன்றில் பணியாற்றியவர். 1945-இல் பர்மாவில் ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காம் சேனையில் இருந்தார். திரும்பி வந்து, 1956-இல் காய்ச்சலில் மறைந்தார். அப்போது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. எனக்கு அவர் முகம் என்பது ஒரு புகைப்படம் மட்டுமே.

கடையில் கிடைத்த உருவம் ஒன்றின் தலையை நீக்கி, மாவுபோல் பிசைந்தால் இறுகும் எபாக்ஸியால் புதுத் தலை செய்தேன். தொப்பியைக் கையில் பிடித்தபடி வெறுந்தலையாக நிறுத்தினேன். பர்மாக் காட்டுப் போருக்கென வந்த கரும்பச்சை உடையைத் தீட்டினேன். பிறகு முகத்துக்கு வந்தபோது தோல் நிறம் என்று பெயரிட்ட வண்ண டப்பாவைத் திறந்தேன். உள்ளே வெள்ளைக்காரர் முகத்தின் இளஞ்சிவப்பு! பல நூல்களும் அந்நிறத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றன. நம் மாநிறத்துக்கு அதைக் கருப்பாக்கினால் போதாது, முகம் மண்ணாகிவிடுகிறது. கண்ணாடி முன் அமர்ந்து என் முகத்தையே பார்த்தேன். நம்மவர் கன்னத்தின் ஒளியில் வெண்மை இல்லை. காவியும் சிறிது செம்மையும் உண்டு. நெற்றியின் வேர்வை மினுக்கில் மட்டும் வானத்தின் நீலம் சற்றே தெரிகிறது. நிழலோ கறுப்பு அன்று. சுட்ட பழுப்போடு துளி ஊதா. பர்ன்ட் சியன்னாவும் எல்லோ ஆக்கரும் கலந்த அந்தக் கலவை அமைய மூன்று வாரங்கள் ஆயின.

வேறொரு தடையும் இருந்தது. படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் விளக்கை இடப்புறம் வைத்திருந்தார்; முகத்தின் மறுபாதி இருளில் கிடந்தது. அதை அப்படியே தீட்டினேன். உருவத்தின் பாதி முகத்தில் கரி அப்பியது போலிருந்தது. உடைக்கு உச்சிவெயில், முகத்துக்கு ஸ்டூடியோ விளக்கு என்று இரு கதிரவர்கள் ஓர் உடம்பில் கூடா. துடைத்துவிட்டு, படத்தில் நான் கண்டறியாத கன்னத்தைக் கண்ட கன்னத்தைப் பார்த்துத் தீட்டினேன்.

சென்ற தைமாதம் திருச்சியிலிருந்து அக்கா வந்திருந்தாள். உருவத்தை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ஏண்டா, அப்பா இப்படி முறைக்கவே மாட்டாரே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கண்குழியில் நிழலை ஆழமாக வைத்து, புருவத்தின் உள்முனைக்கும் அதை இழுத்திருந்தேன். போர்வீரன் என்ற எண்ணம் என் கையை அழுத்திவிட்டது போலும். அவள் எதிரிலேயே தூரிகையை டர்பன்டைனில் நனைத்து அந்த நிழலை எடுத்தேன். இமையின்மேல் மட்டும் மெல்லிய பழுப்பு வைத்தேன். பிறகு கீழுதட்டின் கீழே இருந்த கோட்டையும் குறைக்கச் சொன்னாள். "வாய் இறுகி இருக்காதுடா. ஏதோ சொல்ல வர்ற மாதிரியேதான் இருப்பார்." இடப்புருவத்தின்மேல் ஒரு தழும்பு உண்டு என்றும் அவள் சொல்லித்தான் அறிந்தேன். தூரிகை நுனியின் ஒற்றை மயிரால் அங்கே ஓர் ஒளிக்கீற்று இட்டேன். அதன் கீழே அதைவிட மெல்லிய நிழல்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

"இன்னும் ஈரமா இருக்கு அக்கா. காய நாலு நாள் ஆகும்" என்றேன்.

இரண்டு நாளில் புறப்படுவதாக இருந்தவள், பயணச்சீட்டை மாற்றச் சொன்னாள்.