சின்னப் பொதுநலவாயமும் அதன் ஏடுகளும்

ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாடசாலையின் வரலாற்றைக் கையில் எடுத்தாலும், அங்கே பயின்ற பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று தேடுவோம். பெரும்பாலும் தலைமையாசிரியரின் படமும் கட்டடத் திறப்பு விழாவுமே அகப்படும். ஹோமர் லேன் என்பவரைப் பற்றிப் படித்தபோதும் எனக்கு இதே ஏக்கம் உண்டாயிற்று.

லேன் ஓர் அமெரிக்கர். டெற்றோயிற் நகரின் அருகே நெறி தவறிய சிறுவர்களுக்கான இல்லமொன்றை நடத்தியவர். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில், ஒரு பண்ணை நிலத்திலே, ‘லிற்றில் கொமன்வெல்த்’ தொடங்கிற்று. சின்னப் பொதுநலவாயம் என்று நாம் அதனைச் சொல்லலாம். குற்றஞ் செய்து நீதிமன்றம் ஏறிய இளைஞரும் இளநங்கையரும் அங்கே குடும்பம் குடும்பமாகக் குடில்களில் வாழ்ந்தனர். உழைத்தவருக்குக் கூலி உண்டு. ஒருவன் சோம்பியிருந்தால் அவனுடைய செலவை அவன் குடிலார் சுமக்கவேண்டும். ஆகவே அவனைத் தட்டியெழுப்பும் வேலை லேனுடையதன்று, கூட இருப்பவர்களுடையது. பிழை செய்தவரை விசாரித்ததும் பிள்ளைகளே கூடிய மன்றந்தான். பிரம்பில்லாமல் வகுப்பு நடவாது என்று உலகெங்கும் (நம் ஊரிலுந்தான்) நம்பிய காலம் அது.

ஒரு முரட்டுப் பையன் தேநீர்க் கோப்பைகளை நொறுக்கவேண்டும் போலிருக்கிறது என்றானாம். லேன் இரும்புக் கோலொன்றைக் கொடுத்து, நொறுக்கு என்றார். நொறுக்கினான். பின்னர் தமது கடிகாரத்தையும் எடுத்து நீட்டினார். பையனின் கை தயங்கிற்று, கடிகாரம் பிழைத்தது. இக்கதையை நான் மாணவ ஆசிரியர் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதைச் சொன்னவர் லேன், அந்தப் பையனல்லன். லேனுங்கூடத் தம் கையால் எழுதியது மிகக் குறைவு. 1925இல் பாரிஸ் நகரிலே அவர் இறந்தபின், அவருடைய பேச்சைக் கேட்டவர்களின் குறிப்புகளைத் தொகுத்தே 1928இல் நூலாக்கினர்.

பொதுநலவாயமோ அதற்கு முன்னரே, 1918இல், மூடப்பட்டது. அங்கிருந்த இரு பெண்பிள்ளைகள் லேன் தம்மிடம் முறைகேடாக நடந்ததாகச் சொன்னார்கள். உள்நாட்டு அமைச்சு விசாரணை நடத்திற்று; அதன் அறிக்கை அக்காலத்தில் வெளியிடப்படவில்லை. அங்கே பணியாற்றிய பேஸ்லி அம்மையார் 1928இலும், டேவிட் வில்ஸ் 1964இலும் லேனைப் பற்றி எழுதிய நூல்கள் அன்புடன் எழுதப்பட்டவை. லேனைப் போற்றியவர்கள் அவர் குற்றமற்றவர் என்றே கொண்டனர். அவ்வாறும் இருக்கலாம். எனினும், நண்பர்கள் எழுதிய நூல்களை மாத்திரம் கொண்டு அவ்விரு பெண்களையும் பொய்யர் என்று தீர்ப்பெழுத என் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளையே நீதிபதிகளாக அமர்த்திய ஓர் இல்லத்தின் கதையில் இரு பிள்ளைகளின் சொல் நமக்கு எட்டாமற் போனதுதான் என்னை உறுத்துகிறது.

‘சிகிச்சைச் சமூகம்’ என்ற பெயரை 1946இல் ரொம் மெயின் என்னும் மனநோய் மருத்துவர் வழங்கினார். லேனுக்குப் பின்னரும் இத்தகைய இல்லங்கள் பல எழுந்தன, பல மூடப்பட்டன. மூடும்போது தாள்கள் என்னவாகும்? பெட்டிகளிற் கட்டி வைப்பர். இடம் போதாதபோது எரிப்பர். இந்த நிலையிலே, வில்ஸும் மார்ஜரி பிராங்கிளின் அம்மையாரும் சேர்ந்து 1966இல் நிறுவிய அறக்கட்டளை, 1989இல் குளொஸ்ரர்ஷயர்ப் பகுதியிலுள்ள ரொடிங்ரன் என்னும் சிற்றூரில் ஆவணக் காப்பகமொன்றைத் தொடங்கியது பெரிய காரியமே.

காப்பகத்தார்க்குச் சிக்கலும் உண்டு. ஒரு பிள்ளை இரவிற் படுக்கை நனைத்ததும், தாயைப் பற்றி அழுததும் எழுதப்பட்ட தாளை அயலார் புரட்டலாகாது. ஆனால் அப்பிள்ளையே அறுபது வயதில் வந்து கேட்டால்? தாய் தந்தையர் வீட்டில் வளர்ந்த நமக்குப் பழைய படங்களும் பாட்டியின் கதைகளும் உண்டு. இல்லத்தில் வளர்ந்தவர்க்கு, தம் பத்தாம் வயதைச் சொல்ல அந்தத் தாள் ஒன்றே இருக்கக்கூடும். அதுவும் பிறர் எழுதியது.

2010ஆம் ஆண்டளவில் அக்காப்பகம் ஒரு நற்செயல் புரிந்தது. இவ்வில்லங்களில் முன்னர் பிள்ளைகளாக இருந்தவர்களையும் பணியாளராக இருந்தவர்களையும் தேடியழைத்து, அவர்கள் நினைவுகளை அவரவர் வாய்மொழியாகவே ஒலிப்பதிவு செய்தது. அறிக்கை எழுதியவரின் தாளும், அறிக்கையில் எழுதப்பட்டவரின் குரலும் இப்போது ஒரே காப்பகத்தில் இருக்கின்றன.