போர்ட் 9000

அசோக் நகரில், அசோகத் தூணுக்குப் பின்னால் ஒரு தெருவில், சின்ன ஆடிட்டர் ஆபீஸ். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் கட்சிக்காரர்கள் எக்செலில் அனுப்பிய பில்கள் அங்கே குவிந்தன. அவற்றை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற வழி பண்ணித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை பையன்கள்தான் கையால் எண்ட்ரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சோம்பேறி வழியில் போனேன்: சென்ட்கீஸ். ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோல எக்செல் மேக்ரோவே கீபோர்டைத் தட்டும். டேலி திரையில் முன்னால் இருக்கும்வரை ஓடும். நடுவில் யாராவது வேறு ஜன்னலைத் திறந்தால், தொகையெல்லாம் பாதி எழுதிய மெயிலுக்குள் போய் விழும். விழுந்தது.

டேலிக்குக் காது உண்டென்று பிறகுதான் தெரிந்தது. செட்டிங்கில் சர்வர் ஆக்கிவிட்டால் போர்ட் 9000-இல் காத்திருக்கும். எச்டிடிபி வழியாக எக்ஸ்எம்எல் அனுப்பினால் வவுச்சர் பதிவாகிவிடும். பக்கத்து அறைக் கணினியிலிருந்தும் அனுப்பலாம், ஐபி முகவரி தெரிந்தால் போதும்.

ஆனால் அது கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். தேதியை 20170701 என்று ஒட்டி எழுத வேண்டும். பற்றுத் தொகைக்கு மைனஸ் குறி. லெட்ஜர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அப்படியொரு லெட்ஜரே இல்லை என்று பதில் வரும். என்னை அதிகம் படுத்தியது ‘&’ குறி. நம் ஊர்க் கடைகளில் ‘அண்ட் சன்ஸ்’, ‘அண்ட் கோ’ எத்தனை! எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறி அப்படியே போனால் அனுப்பிய மொத்தமும் கெட்டுப்போகும்.

இதையெல்லாம் சரிசெய்த மிதப்பில் இருந்தபோதுதான், ஒரு 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்யும் அவசரத்தில், பதில் வரத் தாமதமானது. போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பினேன். இரண்டு தடவையும் போயிருந்தது.

“என்ன தம்பி, இந்த மாசம் வியாபாரம் ஒரேயடியா ரெட்டிச்சிருக்கு?” என்றார் ஆடிட்டர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வவுச்சருக்கும் என் பங்குக்கு ஓர் அடையாள எண் வைத்து அனுப்புகிறேன். அதே எண் திரும்பப் போனால் டேலி புதிதாகப் போடாமல், ஏற்கெனவே இருப்பதையே திருத்தும். எத்தனை உருவானது, எத்தனை திருத்தப்பட்டது, எத்தனை பிழை என்று பதிலிலேயே எண்ணிக்கை வரும். இப்போது என் மேக்ரோவில் அனுப்பும் பகுதி பத்து வரி, பதிலைப் படிக்கும் பகுதி அறுபது வரி.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்எல்லில் கம்பெனி பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்த நேரம் டேலியில் எந்தக் கம்பெனி திறந்திருக்கிறதோ அதன் கணக்கில்தான் பதிவாகும்.