ஒற்றைக்கொம்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலேகால் வாக்கில் டீச்சரிடமிருந்து வாட்ஸப் வரும். அந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று இரண்டு மூன்று வரி, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. 2022 ஜூலையில் வந்த ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. "இந்த வாரம் ஒகர வரிசை. கொ முதல் னொ வரை. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல். வீட்டில் தினமும் பத்து நிமிடம் பிள்ளை வாசிக்கும்போது கேளுங்கள்." கடைசியில் ஒரு கும்பிடு.

கடைசி வரியை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. தமிழில் 'கேள்' என்பதற்கு இரண்டு அர்த்தம். டீச்சர் ஒன்றைச் சொன்னார், நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்க என் மகளிடம் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொரோனாவில் நாவலூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமல்லபுரத்துக்கு, அப்பா வீட்டுக்கு வந்தோம். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு, தனியார் பள்ளி. ஒன்றாம் வகுப்பு என்பது அவளுக்கு ஒரு லேப்டாப், முப்பது சின்னச் சின்னக் கட்டங்கள், அதில் ஒரு கட்டத்தில் தெரியும் அவள் முகம். அடுத்த வருஷம் ஃபீஸ் கட்ட மனம் வரவில்லை, ஊர் அரசுப் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். அந்த வருஷம் அப்படிச் சேர்த்தவர்கள் தமிழ்நாடு முழுக்க நிறைய பேர், அதனால் இதில் வீரம் ஒன்றும் இல்லை. 2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தபோதுதான் முதல்முறையாக ஒரு நிஜ வகுப்பறைக்குள் போனாள். ஒன்றாம் வகுப்பு முழுதும், இரண்டாம் வகுப்பில் பாதியும் போயே போய்விட்டது.

அதற்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார். எங்கள் ஈசிஆரிலேயே தெற்கே போனால் வரும் ஊர். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து நடத்தினாள். கைதட்டலும் பாட்டும் வீட்டுக்குள் கேட்கும். மகள் வாசலில் நின்று பார்ப்பாள். "நான் வேணாம்னா சொல்றேன், ஆனா வீட்ல அப்பா இருக்கேன்ல" என்றேன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் வீட்டுப் பிள்ளை திண்ணையில் போய் எழுத்துக் கற்பதா என்பதுதான் உள்ளே இருந்தது. அதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

2022 ஜூன் 13, பள்ளி திறந்த அன்றே எண்ணும் எழுத்தும் வந்தது. ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், எது வரை தெரியும் என்று பார்த்து மூன்று நிலையாகப் பிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் அரும்பு, இரண்டு என்றால் மொட்டு, மூன்று என்றால் மலர். அழகான பெயர்கள்தான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பாவுக்கு 'அரும்பு' என்று கேட்கும்போது அது பூவாகத் தெரியாது. மகள் தமிழில் அரும்பு.

நான் வேலை செய்கிற மாதிரியே இதையும் செய்ய ஆரம்பித்தேன். 247 எழுத்துக்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். தெரிந்தது பச்சை, தெரியாதது சிவப்பு. ராத்திரி ஏழு மணிக்குச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகை முன்னால் அவள், பக்கத்தில் நான். அ முதல் ஊ வரை நன்றாகவே போனது. க, கா, கி, கீ, கு, கூ எல்லாம் பச்சை. 'கெ' வந்ததும் நின்றது. 'கொக்கு' என்று எழுதினால், "கெ... கா... க்... கு" என்று வாசிப்பாள்.

"கெகாக்குன்னா என்ன பாப்பா? அப்படி ஒரு பறவை இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிப் படிக்கிற?"

பதில் வராது. மறுபடியும் கேட்பேன். மறுபடியும் கெகாக்கு. மூன்றாவது வாரத்தில் ஏழு மணி ஆனால் அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஒருநாள் ராத்திரி மேஜையில் ஓங்கி அடித்தேன். அவள் மேல் கை படவில்லை என்பதை ஒரு தகுதி மாதிரி அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன். அவள், "பட்டுடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயைப் போட்டாள்.

மகளின் சிக்கல் என்ன என்று எனக்கு ஆபீஸ் வேலையில்தான் புரிந்தது. எங்கள் மென்பொருள் உருவாக்கும் பிடிஎஃபில் தமிழ்ப் பெயர்கள் உடைந்து வருகின்றன என்று ஒரு புகார். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். தமிழில் கணினியைத் திட்டிய எல்லோருக்கும் தெரிந்த வட்டம்தான். காரணம் இது: 'கெ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு க. ஆனால் யூனிகோடு அதைச் சேமிப்பது ஒலி வரிசையில், க முதலில், எகரக் குறி அப்புறம். திரைக்கு வரும்போது எழுத்துருவைக் கையாளும் நிரல் கொம்பைத் தூக்கி இடது பக்கம் போடும். 'கொ'வில் இன்னும் மோசம், ஒரே குறியை இரண்டாக வெட்டி ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைக்க வேண்டும். எங்கள் பிடிஎஃப் நூலகத்துக்கு அந்த வேலை தெரியவில்லை.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் புழக்கத்தில் இருந்த திஸ்கி குறியாக்கத்தில் இந்தத் தொந்தரவு இல்லை. கண் பார்க்கிற வரிசையிலேயே சேமிக்கும், கொம்பு முதலில் என்றால் முதலில். பழைய தட்டச்சுப் பொறியும் அப்படித்தான். தமிழ்99 விசைப்பலகை ஒலி வரிசைக்கு மாறியது: க அடித்து ஒ அடித்தால் கொ.

என் மகள் திஸ்கி. கண்ணில் பட்ட வரிசையில் ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தாள். கொம்பைப் பார், சத்தம் போடாமல் கையில் வைத்துக்கொள், அடுத்த எழுத்தைப் பார், அதற்கும் அடுத்து கால் இருக்கிறதா என்று எட்டிப் பார், பிறகு மூன்றையும் சேர்த்து ஒரே சத்தமாகச் சொல். 216 உயிர்மெய்யில் சரியாகப் பாதி, 108 எழுத்தில் இடது பக்கம் ஏதோ ஒரு கொம்பு இருக்கிறது. எத்தனையோ பொறியாளர்கள் பல வருஷம் திருத்தித் திருத்திச் செய்த வேலையை ஏழரை வயதுப் பிள்ளை ராத்திரி ஏழு மணிக்குச் செய்யவில்லை என்று மேஜையில் அடித்திருக்கிறேன். (ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்து எழுதும் வழக்கமே வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். அதாவது முந்நூறு வருஷத்துக்கு உள்ளேதான். கெ-வுக்கும் கே-வுக்கும் அவள் தடுமாறியதில் கொஞ்சம் வரலாற்று நியாயம்கூட இருக்கிறது.)

புரிந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது எங்கள் தொழில் வியாதி. அன்று ராத்திரி அவளுக்கு யூனிகோடு விளக்கினேன். கொட்டாவி விட்டாள்.

அப்பா கல்வேலைக்காரர். ஐந்து ரதம் போகிற ரோட்டில், இப்போது உளிச் சத்தத்தைவிட கட்டர் மெஷின் சத்தம் அதிகமாகக் கேட்கும் பட்டறை ஒன்றில், முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. சிலைக்குக் கூப்பிடுவதைவிட எழுத்துக்குத்தான் அவரை அதிகம் கூப்பிடுவார்கள். திறப்பு விழாக் கல்வெட்டு, கோயில் உபயதாரர் பெயர், சமாதிக் கல். அஞ்சாம் வகுப்போடு சரி. நாளிதழை வாய்விட்டு, மெதுவாக வாசிப்பார். அவர் எழுத்தை எழுதுவதில்லை, வரைவார். முதலில் கல்லில் காவியால் கோடு, அதன்மேல் உளி.

கொட்டாவிக்கு மறுநாள், மகளுக்கு அவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கோயில் உபயதாரர் கல்லில், 'கொடுத்தவர்' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பை விட்டுவிட்டாராம்.

"கொம்பு இல்லன்னா இன்னா ஆவும் சொல்லு?"

"கா..."

"ஆங். காடுத்தவர். கருங்கல்லு பாப்பா, ரப்பர் வெச்சா அழிக்க முடியும்? முகத்தை மொத்தமா கொத்தி இறக்கிட்டு, திரும்ப பாலீஷ் போட்டு, திரும்ப முதல்லேர்ந்து. எட்டு நாள் கூலி போச்சு. அதுலேர்ந்து கால் கண்ணுல பட்டா, முன்னாடி கொம்பு கீதான்னு பார்த்துட்டுத்தான் உளி எடுப்பேன்."

அவளுக்கு அது எழுத்துப் பாடமாகவே தோன்றவில்லை. தாத்தா மாட்டிக்கொண்ட கதை. அதற்கப்புறம் எங்கே போனாலும் கொம்பு தேட ஆரம்பித்தாள். மாமல்லபுரத்தில் தமிழ் தேடுவது லேசான காரியம் இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கடற்கரைக் கோயில் பக்கம் லாட்ஜ் பலகை, மெனு பலகை எல்லாம் இங்கிலீஷ், சில இடத்தில் பிரெஞ்சு. தமிழ் கிடைத்த இடங்கள்: பஸ்ஸின் நெற்றி, கட்சிச் சுவர், மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் மகள் யார் துணையும் இல்லாமல் முழுதாக வாசித்த முதல் வாக்கியத்தில் 'சோகத்தில்' என்று ஒரு சொல் இருந்தது. சோ-வை ஒரே மூச்சில் சொன்னாள். நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டேன். செத்துப்போனவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

தாத்தாவால் ஒரு வம்பும் வந்தது. நோட்டில் 'மலை' என்பதற்குத் தும்பிக்கை வைத்த பழைய லை-யை எழுதிக்கொண்டு போய்விட்டாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். மாறிய பதின்மூன்று எழுத்தும் அவர் கையில் இன்னும் பழைய உருவம்தான், கேட்டால் மட்டும் புதியது செதுக்குவார். டீச்சர் அதைத் தப்பு போடவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்து, கரும்பலகையில் பெரிதாக வரைந்து காட்டினாராம். அன்று வகுப்பு முழுக்க யானை வரைந்திருக்கிறார்கள்.

அந்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் ஸ்ப்ரெட்ஷீட்டை போனில் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். டீச்சர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். பத்து நிமிஷம் படிக்கிறாளா?"

"ஒரு மணி நேரம் உட்கார வெக்கிறேன் மேடம்."

"அது இல்ல சார். அவ பாட்டுக்குப் படிக்க, நீங்க சும்மா கேக்கணும். தப்பா படிச்சாலும் உடனே திருத்தாதீங்க, திருத்த நான் இருக்கேன். உங்ககிட்ட அவ பயப்படாம படிச்சா போதும்."

ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகள், ஆளுக்கொரு பயிற்சி நூல், மதிப்பீட்டை உடனுக்குடன் செயலியில் ஏற்ற வேண்டும், நெட்வொர்க் கிடைக்காவிட்டால் வாசலுக்கு ஓட வேண்டும். இதற்கு நடுவில்தான் வெள்ளிக்கிழமை வாட்ஸப்பும் எழுதுகிறார். அவர் வீட்டிடம் கேட்டது பத்து நிமிடக் காது. அதைக் கொடுக்காமல் அவர் வேலையை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இதை எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். நானாகச் சொல்லவில்லை, அவர்தான் கேட்டார். அவர் பையனும் அதே வகுப்பு, அதே அரும்பு. அவர் லாட்ஜில் துணி துவைக்கிற வேலை. வாட்ஸப் வருகிற போன் கணவருடன் கடலுக்குப் போய்விடும். சில வெள்ளிக்கிழமைச் செய்திகள் ஞாயிற்றுக்கிழமைதான் கரைக்கு வரும்.

"வந்தாலும் எனக்கு இன்னா தெரியும்? எழுத்து தெரியாது. அவன் படிச்சா ரைட்டா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"திருத்த வேணாமாம்க்கா. கேட்டாப் போதுமாம்."

"நெசமாவா?" என்றார், யாரோ விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்கிற சந்தேகத்தோடு.

எனக்கும் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. என் மகளுக்குப் போதும் என்பது அவனுக்கும் போதுமா? எங்கள் வீட்டில் காதும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, புத்தி வரத் தாமதமானாலும் சமாளித்துக்கொள்வோம். அந்த வீட்டில் அவனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் எழுத்துக்கு வேறு வழியில்லை. 'வீட்டில் உதவுங்கள்' என்று ஒரு பள்ளி சொல்லும்போது எந்த வீட்டை மனதில் வைத்துச் சொல்கிறது என்பது சின்னக் கேள்வி இல்லை. எங்கள் டீச்சருக்கு அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன், அதனால்தான் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டார். நான் இந்த போன் விஷயத்தைச் சொன்னதும், வெள்ளிக்கிழமைச் செய்தியை எழுத்தோடு சேர்த்து வாய்ஸ் மெசேஜாகவும் போட ஆரம்பித்தார். போன் கடலில் இருக்கும் வாரங்களில் என் போனைத்தான் மதில் மேல் வைத்துப் போட்டுக் காட்டுவோம்.

மகள் தை மாதம் மொட்டுக்குப் போனாள். ஸ்ப்ரெட்ஷீட்டை அதற்கு ரொம்ப முன்னாலேயே மூடிவிட்டேன். ஏழு மணிக்கு வாசிப்பாள். 'வந்துகொண்டிருந்தது' என்று அச்சில் இருப்பதை 'வந்துக்கினு இருந்துச்சு' என்று வாசித்தாலும் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அவள் தாத்தா பேசுகிற தமிழை அச்சுக்குள் கண்டுபிடிக்கிறாள், இருக்கட்டும். சில நாள் நாக்கு நுனி வரை வரும். தண்ணீர் குடிப்பேன்.

அந்தப் பையன் இன்னும் அரும்புதான். ஒருநாள் மின்வெட்டு, எல்லோரும் வாசலில். மதிலுக்கு அந்தப் பக்கம் போன் வெளிச்சத்தில் அவன் புத்தகத்தை விரித்து வைத்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு நரி, ஒரு படகு, படகில் ஓட்டை, நரிக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பக்கம் எனக்குத் தெரியும், மகள் முந்தின நாள்தான் வாசித்திருந்தாள். படத்தில் நரி உண்டு. படகு எங்கேயும் இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"அப்புறம்?" என்றார் அக்கா.

பையன் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான்.