ஆளுக்கொரு குறை!



பலகை வேண்டாம், காய் வேண்டாம். பேப்பர், பென்சில், பகடை போதும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிஞ்சுக்கிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதுதான் கதாபாத்திர விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இதற்கெல்லாம் மூத்த அண்ணன்.

அதில் எல்லாரும் எல்லாமும் ஆகிவிட முடியாது. குள்ளர் இனத்தவர் மந்திரவாதி ஆக முடியாது, வீரர் மட்டும்தான். அதுவும் 6-ஆம் நிலையோடு சரி. 'ஹாபிட்' என்றால் 4-ஆம் நிலையோடு நிற்கணும்! மனிதர்களுக்கு மட்டும் எல்லையே கிடையாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த இனக் கட்டுப்பாடுகள் போய்விட்டன.

அப்படியென்றால் கட்டுப்பாடே தப்பா? இல்லவே இல்லை! 1984-இல் 'பாரனோயா' என்று ஒரு விளையாட்டு வந்தது. அதில் ஒரு கம்ப்யூட்டர்தான் ராஜா. ரகசியச் சங்கத்தில் சேருவது குற்றம், பிறவியிலேயே விசேஷ சக்தி இருப்பதும் குற்றம். துரோகிகளைப் பிடிக்கப் போகிற எல்லாருக்குமே இந்த இரண்டும் இருக்கும்! திருடனே திருடனைத் தேடுகிற கதை. சிரிக்காமல் என்ன செய்வது?

விடுமுறையில் நாங்கள் நாலு பேர் இப்படி விளையாடினோம். இருபது முகப் பகடை கிடைக்கவில்லை. 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். கதை சொல்பவன் நான்.

எங்களில் ஒருவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். (அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) "நான் ராஜாவோட தூதன்" என்றான் அவன். உடனே இன்னொருவன், "நீ சேதி சொல்லி முடிக்கிறதுக்குள்ள போரே முடிஞ்சிடும்டா! ஊமை வீரனா இரு" என்றான். திக்குகிறவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி, ஆளுக்கொரு குறை வைப்போம். சீட்டு குலுக்கு. ஆனா தூதன் நான்தான்" என்றான்.

கேலி செய்தவனுக்கு வந்த சீட்டு: 'பொய் சொல்ல வராது'. அடுத்தவனுக்கு: 'பூனையைக் கண்டால் பயம்'. தூதனுக்கு: 'எப்போதும் பசி'.

எதிரிக் கோட்டை வாசலில் காவலன் கேட்டான், "யார் நீங்கள்?" பொய் சொல்ல வராதவன் என்ன செய்வான்? "உங்க கோட்டையைப் பிடிக்க வந்திருக்கோம்ங்க!" தூதன் நிதானமாக, திக்கித் திக்கியே சொன்னான்: "வெயில்ல இவனுக்கு மூளை கலங்கிடுச்சுங்க. முதல்ல எங்களுக்குச் சோறு போடுங்க!" சீட்டில் 19. கதவு திறந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பாட்டி ஓடிவந்து, "என்னடா, பேய் பிடிச்சிருக்கா?" என்றார்.

விளையாட்டில் எல்லாருக்கும் ஒரு குறை இருந்தால், எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். ஒருத்தனுக்கு உண்மையிலேயே இருக்கும் குறையைக் காட்டி, "நீ இதுதான் ஆகலாம்" என்றால் அது விளையாட்டே இல்லை.

நீங்களும் சீட்டு குலுக்கிப் பாருங்களேன்! தூதன் வேஷத்தை யார் கேட்டாலும் கொடுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்