கோட்டாற்றில் பழைய செயின் வண்டி பார்க்கப் போனோம்

கோட்டாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையமும் சவேரியார் கோவிலும்தான் நினைவுக்கு வரும். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு அது கம்போளம். கயிறு, மண்வெட்டி, பலசரக்கு என்று எதற்கும் அங்கேதான் போவோம். கிரேக்க அறிஞர் தாலமி 2ஆம் நூற்றாண்டில் குறித்துவைத்த ‘கோட்டியாரா’ இந்த ஊர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அத்தனை காலமாகப் பொருளைத் தட்டி, முகர்ந்து, அள்ளிப் பார்த்து வாங்கிப் பழகிய ஊர். இங்கே வற்றல் மிளகாயை உடைத்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. அப்படிப்பட்டவர்களே பல லட்சம் ரூபாய் பொக்லைனைப் பெயிண்டைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

முன்னால் லோடர் பக்கெட், பின்னால் தோண்டும் கை, கீழே டயருக்குப் பதில் செயின்: இப்படி ஒரு வண்டி பழையதாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்கா போன்ற நாடுகளில் பண்ணைக்காரர்கள் அந்த வகையை வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அது அபூர்வம். ஒரு பின் உடைந்தால் மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரியாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சிறு விவசாயி தொடக்கூடாது என்பது என் கருத்து. நம் ஊரில் உள்ளவை இரண்டு. ஒன்று, டயரில் ஓடும் ஜேசிபி. மற்றொன்று, செயினில் நகர்ந்து, மேல்பாகம் முழுவதும் சுழலும் பொக்லைன். (பொக்லைன் என்பதே ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். நம் ஆட்கள் எல்லாக் கம்பெனி வண்டிக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.) செயின் வண்டியைச் சோதிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், அண்மையில் கோட்டாறு பக்கம் ஒரு வண்டி பார்த்த அனுபவத்தையே பதிலாக எழுதுகிறேன்.

தேரூர் பக்கத்து விவசாயிகள் மூன்று பேர் சேர்ந்து, ஏழு டன் வகைச் செயின் வண்டி ஒன்றை வாங்கி வாடகைக்கு விட நினைத்தார்கள். கும்பப்பூ அறுவடை முடிந்த நேரம். கோட்டாற்றிலிருந்து இடலாக்குடி வழியாகச் சுசீந்திரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னைகளுக்கு நடுவே ஒரு ஷெட்டில் வண்டி நின்றது. சொன்ன விலை 14 லட்சம். கூட ஒரு வயதான மெக்கானிக்கையும் அழைத்துப் போயிருந்தோம். குவாரிகளில் செயின் மாட்டி மாட்டியே காலம் கழித்தவர்.

“நாங்க வாறதுக்கு முன்னால வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீங்க அண்ணாச்சி” என்று முந்தின நாளே சொல்லிவைத்திருந்தோம். இது முக்கியம். சூடான இன்ஜின் எந்தக் குறையையும் மறைக்கும். போனதும் மெக்கானிக் முதலில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. ஆனால் அவர் அதை ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. தரையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு செயினைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னது: “இன்ஜின் எல்லாரும் பாப்பாங்க. காசு கீழதான் கெடக்கு.”

உண்மை. செயின் வண்டியின் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைத் தின்பது செயின், ரோலர், ஐட்லர், ஸ்பிராக்கெட் என்ற கீழ்ப்பாகம்தான். ஸ்பிராக்கெட் பற்களைப் பாருங்கள். புதியதில் பல்லின் நுனி மழுங்கி அகலமாக இருக்கும். தேயத் தேயக் கூராகி, ஒரு பக்கம் சாய்ந்து சுறாமீனின் துடுப்புபோல் ஆகிவிடும். அடுத்து, செயினை இழுத்துப் பிடிக்கும் கிரீஸ் சிலிண்டர். பின்னும் புஷ்ஷும் தேயும்போது செயின் நீளும். கிரீஸ் அடித்து ஐட்லரை முன்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். ஐட்லர் தள்ள இடமில்லாமல் முன்னால் வந்து நின்றால் செயினின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். சிலர் ஒரு கண்ணியையே கழற்றிவிட்டுச் செயினைக் குட்டையாக்கி விற்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் ஷூக்களை எண்ண வேண்டும். எண்ணினோம். இடது பக்கத்தில் ஒன்று குறைந்தது.

விற்பவர் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக்கும் அதைச் சொல்லிக் காட்டவில்லை; நோட்டில் எழுதிக்கொண்டார். ரோலர்களில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கிறதா, ஷூ போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுந்தார். கீழ்ப்பாகத்தைச் சீராக்க இரண்டரை லட்சம் ஆகும் என்பது அவர் மதிப்பு.

அப்புறம்தான் ஸ்டார்ட். வெள்ளைப் புகை தொடக்கத்தில் வந்து, சூடானதும் நின்றால் பயமில்லை. நீலப்புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை அடித்தாலும் உள்ளே தேய்மானம் அதிகம். இந்த வண்டியில் அப்படி எதுவும் இல்லை. இன்ஜின் நன்றாகவே இருந்தது. ஹவர் மீட்டர் 6,100 மணி காட்டியது. மீட்டரை நம்புவதைவிட மிதி ரப்பரையும் லீவர் பிடியையும் நம்பலாம். ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிகிற வண்டியில் மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஹைட்ராலிக்தான் பலரும் ஏமாறும் இடம். விற்பவர் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டி, “பாத்தீங்களா, என்ன வேகம்!” என்பார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்ப்பில்கூட அது கசியாமல் வேலை செய்யும். சூடாகி இளகிய பிறகுதான் சோர்வு தெரியும். ஆகவே குறைந்தது ஒரு மணி நேரம் மண் தோண்ட வைத்துப் பாருங்கள். டீசல் காசு நாமே கொடுத்தாலும் சரி. பிறகு பக்கெட் நிறைய மண்ணோடு பூமை உயர்த்தி, இன்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறபடி தாழ்ந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. சிலிண்டர் தண்டில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற கீறல் புதிய சீலையும் சில நாளில் கிழித்துவிடும். ஹைட்ராலிக் ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குளத்து வேலை பார்த்த வண்டிகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார் மெக்கானிக். மேல்பாகமும் கீழ்ப்பாகமும் சேரும் இடத்தில் ஆட்டம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. கொஞ்சம் ஆட்டம் இருந்தது. முன்னால் லோடர், பின்னால் கை உள்ள வண்டியானால், கை திரும்புகிற பின்னில்தான் இந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பூம் அடியிலும் பக்கெட் காதிலும் தனியாகப் புதுப் பெயிண்ட் பளபளத்தால் கீழே வெல்டிங் இருக்கும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. வண்டி இதற்குமுன் எங்கே வேலை பார்த்தது? குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டமா, கல் குவாரியா, கடற்கரையில் தூண்டில் வளைவுக்குக் கல் அடுக்கியதா? கடற்கரை வண்டி என்றால் உப்புக்காற்று கேபின் தரையையும் வயர் இணைப்பையும் ஹோஸ் முனையையும் அரித்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். குவாரி வண்டி என்றால் இன்னொரு பயம் உண்டு. கனிமத் திருட்டு வழக்கில் சிக்கிய வண்டியைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஜேசிபி என்றால் ஆர்.சி. இருக்கும், அதில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இரும்புச் செயின் வண்டிக்குப் பொதுவாக ஆர்.சி. கிடையாது. முதல் விற்பனை பில், இடையில் கைமாறிய ஒப்பந்தங்கள், கடன் முடிந்ததற்கான சான்று, இவைதான் ஆதாரம். பில்லில் உள்ள எண்ணையும் வண்டியின் தகட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். இங்கே எண் சரியாக இருந்தது. கடன் முடிந்த சான்று மட்டும் இல்லை. “அடுத்த வாரம் வாங்கித் தாறேன்” என்றார் விற்பவர்.

ஷெட்டை விட்டு வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 10 லட்சம் கடன், 15 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 35,000 ரூபாய். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். டீசல், ஆபரேட்டர் சம்பளம், ஆயில், தேய்மானம் எல்லாம் போனால் 400 நிற்கும். தவணை கட்டவே மாதம் 88 மணி நேரம் ஓட வேண்டும், பன்னிரண்டு மாதமும்.

நம் வயல் அப்படி வேலை தருமா? ஜூனில் பேச்சிப்பாறை திறந்துவிட்டால் சானலில் தண்ணீர் வந்துவிடும். கன்னிப்பூ, அதன்பின் கும்பப்பூ. மார்ச் முதல் மே வரைதான் குளமும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும். தூர்வார, வரப்பு கட்ட, வயலை மட்டமாக்க அதுதான் காலம். மற்ற ஒன்பது மாதமும் விளையில் தென்னை வேர் பறிக்கவும் வீட்டுக்கு வானம் தோண்டவும் போக வேண்டும். அங்கேயெல்லாம் ஜேசிபிக்காரர்கள் ரோட்டில் ஓட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். செயின் வண்டிக்கு ஒவ்வொரு இடத்துக்கும் லாரி பிடிக்க வேண்டும்.

செயினுக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. எடையைப் பரப்பி வைப்பதால் ஒரு சதுர சென்டிமீட்டரில் அரை கிலோவுக்கும் குறைவான அழுத்தமே விழும். குளத்துச் சேற்றில் ஜேசிபி புதையும் இடத்தில் இது நிற்கும். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி ஏறினால் அடிமண் இறுகி, வேர் இறங்காமல் அடுத்த பூவில் பயிர் காட்டிக்கொடுத்துவிடும்.

12 லட்சம் தருகிறோம், கடன் சான்று வந்த பிறகு என்று சொன்னார்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கோடைக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேளாண்மைப் பொறியியல் துறை சக்கர வகை, செயின் வகை இரண்டையும் அரசு நிர்ணயித்த மணி வாடகைக்கு விவசாயிகளுக்கு விடுகிறது. இ-வாடகை செயலியிலேயே பதிவு செய்யலாம். குளத்து வண்டலுக்கு வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கினால் போதும். 2024 முதல் அந்த அதிகாரம் அவருக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது.

கூடவே ஒரு நோட்டும் போடச் சொன்னேன். தங்கள் குளத்துப் பாசனத்தில் யார் யார், எதற்கு, எத்தனை மணி நேரம் வண்டி கேட்டார்கள் என்று எழுதிவருகிறார்கள். ஏப்ரல் கடைசியில் பார்த்தேன். இரண்டு மாதத்தில் 212 மணி. அதில் பாதிக்கு மேல் கடனுக்குக் கேட்டவர்கள். அறுவடை முடிந்து தருகிறேன் என்றவர்கள்.