பாதியில் அறுந்த வார்த்தை



நமது ஜவ்வாது மலையின் சிற்றூர் ஒன்றில் வாழும் தாயார் ஒருவரின் மகன் வேலூரில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தான். ஓர் இரவு அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அதன் முடிவில் "பயப்படத் தேவை" என்னும் சொற்களும், அவற்றை அடுத்து ஒரு வெற்றுக் கட்டமும் இருந்தன. அழைத்துப் பேச சிக்னல் இல்லை. மலையிறங்கப் பேருந்தும் இல்லை. விடியும்வரை அவர் கண்ணீரோடு விழித்திருந்தார். மகன் எழுதியதோ, "பயப்படத் தேவையில்லை" என்பது.

நம் சபையில் கணினி பயின்ற வாலிபர் ஒருவர் இதன் காரணத்தை எனக்கு விளக்கினார். கணினி மொழிகள் எழுத்தை ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. "யி" நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது யகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ஆக மொத்தம் ஆறு. இதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் ஸ்விஃப்ட் ஒன்று என்கிறது. பைத்தான் இரண்டு என்கிறது. கோ மொழி ஆறு என்கிறது. எதுவும் பொய் சொல்லவில்லை, அளவுகோலே வேறு. செய்தி மென்பொருளின் ஒரு பகுதி எழுத்தை எண்ணி அனுப்ப, மற்றொரு பகுதி பைட்டை எண்ணி வெட்டினால், கத்தி எழுத்தின் நடுவே இறங்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்டு போதும். ஆகவே அங்கே எழுத்து உடைவதில்லை. நம் மொழியிலோ மறுப்புச் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. வால் அறுந்தால் பொருள் தலைகீழாகிறது.

இது கணினியோடு பிறந்த துன்பமன்று. ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதியபடியால், எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. வாசிப்பவர் இடம் பார்த்து ஊகித்தார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்த ஐயத்தை நீக்கினார். கணினியிலும் அவ்விதமே அனுப்புமிடமும் பெறுமிடமும் ஒரே அளவுகோலுக்கு முன்னதாக உடன்பட வேண்டும். முழு எழுத்தின் எல்லையிலேயே வெட்ட வேண்டும். இன்னும் மிச்சம் உண்டு என்று காட்டவும் வேண்டும். அந்த இரவில், சொல்லி முடியாத ஒன்று உண்டு என்பதற்கு அந்த வெற்றுக் கட்டமே சாட்சியாயிருந்தது.

பிரியமானவர்களே, நம் இல்லங்களிலும் அளவுகோல்கள் வேறுபடுகின்றன. முழுவதையும் சொல்லிவிட்டோம் என்று எண்ணுகிறோம்; கேட்டவரிடத்தில் பாதியே சேர்ந்திருக்கிறது. இந்த வாரம் ஒருவரிடமாவது, "நான் சொன்னதை எவ்விதம் புரிந்துகொண்டீர்கள்?" என்று அன்போடு கேளுங்கள். உங்களைக் கலங்கச் செய்த ஒரு சொல் உண்டானால், அது முழுதாய் வந்து சேர்ந்ததா என்று முதலில் விசாரியுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.